தட்டம்மை ஊசிக்கு ஏன் ஒன்பது மாதம் காத்திருக்கிறோம்?

புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிவரும் தாய்மார்களின் கையில் ஓர் அட்டை இருக்கும். பிறந்த அன்று சில தடுப்பு மருந்துகள், 6, 10, 14 வாரங்களில் சில. அதன்பின் 9 மாதம் வரை ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் முதலிலேயே போட்டு முடித்துவிட்டால் என்ன?

சிலவற்றில் அந்த அவசரம் தேவைதான். ஹெபடைடிஸ் பி கிருமி பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றினால், 10 குழந்தைகளில் 9 பேருக்கு உடலை விட்டுப் போகாமல் தங்கிவிடும், பிற்காலத்தில் கல்லீரலைக் கெடுக்கும். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானே விலகிவிடும். அதனால்தான் அந்த ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடச் சொல்கிறார்கள்.

தட்டம்மைக் கதை நேர்மாறு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேருகின்றன. சில மாதங்களுக்கு அவைதான் காவல். சிக்கலும் அங்கேதான் வருகிறது. தட்டம்மை ஊசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். அது உடலுக்குள் கொஞ்சமாவது பெருகினால்தான் குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் அதை அடையாளம் கண்டு பழகும். தாய் தந்த புரதங்களோ அதைப் பெருகவிடாமல் அடக்கிவிடுகின்றன. சரி, அவை முழுக்கக் கரையும்வரை காத்திருக்கலாமா? அதற்குள் நிஜ நோய் முந்திக்கொள்ளலாம்.

9 மாதத்தில் போட்டால் ஏறத்தாழ 85 சதவீதக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஒரு வயதுக்குமேல் போட்டால் 95 சதவீதம்வரை. தட்டம்மை அரிதாகிவிட்ட அமெரிக்கா போன்ற நாடுகள் 12 மாதம்வரை பொறுக்கின்றன. இந்தியாவில் அவ்வளவு பொறுப்பது ஆபத்து என்பதால் 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இரண்டாவது ஊசியின் முக்கிய வேலை, முதல் ஊசி பிடிக்காமல் போன குழந்தைகளுக்கு இன்னொரு வாய்ப்புத் தருவது. ‘ஒன்று போட்டாச்சே’ என்று பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

6 வாரத்தில் தொடங்கும் பெண்டாவேலன்ட், கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி. அதில் உயிருள்ள கிருமி கிடையாது. அது உடலில் பெருக வேண்டியதில்லை என்பதால் தாயின் புரதங்கள் அதை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. கக்குவான் இருமல் கைக்குழந்தைகளைத்தான் அதிகம் கொல்லும். எனவே சீக்கிரமே தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் ஒரு தவணை போதாது, மூன்று வேண்டும்.

தாய் தரும் காவலைத் தடுப்பூசியாலும் கூட்டலாம். கர்ப்பிணிக்குப் போடும் ரண ஜன்னி ஊசி, பிறக்கப்போகும் குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

10, 16 வயதுகளில் ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசியை மறுபடி போடுவது, பழைய பாதுகாப்பு மெல்லத் தேய்வதால். முதியவர்களுக்குக் காரணம் வேறு: எதிர்ப்பு மண்டலமே தளர்கிறது. சிறுவயதில் வந்துபோன சின்னம்மை வைரஸ் நரம்புகளில் பதுங்கியிருந்து, அப்போது அக்கியாகக் கிளம்பும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அதற்கும் ஊசி உண்டு, விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

தவணை தவறிவிட்டதா? பெரும்பாலான ஊசிகளை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து போன்ற சிலவற்றுக்கு மட்டும் வயது வரம்பு உண்டு. அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.