கியர் ஆயில் மேல் பழி போடாதீர்கள்

போன வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, செந்தூலில் இருக்கும் என் பட்டறைக்கு இழுவை லாரியில் ஒரு கார் வந்தது. காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது. முன்னால் போகும் 'டி' கியரில் போட்டு மிதித்தால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி நகரவில்லை. பெந்தோங்கில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிய குடும்பம். கனரக லாரிகள் உரசிக்கொண்டு போகும் சாலையோரத்தில், இருட்டில், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார்கள்.

காரின் சொந்தக்காரர் இ-ஹெய்லிங் ஓட்டுகிறவர், அதாவது கைப்பேசிச் செயலி வழியாக வாடகைக்கு ஓட்டுகிறவர். மீட்டரில் 190,000 கிலோமீட்டர். லாரியிலிருந்து இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது: "அண்ணே, போன வாரம்தான் கியர் ஆயில் மாத்தினேன். அதனாலதான் போச்சு. மாத்தாமலே விட்டிருக்கணும்."

இந்த மாதத்தில் இதையே என்னிடம் சொன்ன மூன்றாவது ஆள் அவர். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

"ஏன் தம்பி மாத்தினீங்க?" என்று கேட்டேன். இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும்போது உதைத்ததாம். காலையில் ரிவர்ஸ் போட்டால் இரண்டு மூன்று வினாடி கழித்துத்தான் பிடித்ததாம். எத்தனை நாளாக? ஏழெட்டு மாதமாக. அதற்கு முன்னால் எப்போது மாற்றினீர்கள்? வாங்கியதிலிருந்து மாற்றியதே இல்லை.

பழைய கியர்பாக்ஸில் புது ஆயில் ஊற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று கோலாலம்பூரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். பட்டறைக்காரர்களிலும் சிலர் இதையே சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

தானாகவே கியர் மாறும் ஆட்டோ கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் தட்டுகள் இருக்கின்றன. தட்டின் மேல் மெல்லிய உராய்வுப் படலம் ஒட்டியிருக்கும். வருடக்கணக்காக ஆயில் மாற்றாவிட்டால் ஆயில் சூட்டில் வெந்து கெட்டுப்போகிறது. தட்டுகளை இறுக்கிப் பிடிக்கவேண்டிய அழுத்தம் சரியாக வருவதில்லை. தட்டு வழுக்குகிறது. வழுக்கினால் சூடு, சூடானால் படலம் தேய்கிறது, தேய்ந்த தூள் ஆயிலிலேயே கலந்து சுற்றுகிறது. ஒரு கட்டத்தில் தட்டில் படலமே மிச்சமில்லை. ஆயிலில் கிடக்கும் அந்தத் தூளின் சொரசொரப்பில்தான் ஏதோ கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கறுத்த ஆயிலை இறக்கிவிட்டுச் சுத்தமான ஆயிலை ஊற்றினால் அந்தப் பிடிப்பும் போகும். தட்டு ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. புது ஆயில் அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

உயிர் இழுத்துக்கொண்டிருக்கும் பெரியவருக்கு வாயில் பால் ஊற்றுகிறோம். உயிர் பிரிந்ததும் பால்தான் கொன்றது என்று யாராவது சொல்வோமா?

190,000 கிலோமீட்டர் சும்மா இருந்துவிட்டு, உதைக்க ஆரம்பித்த பிறகு, அதையும் ஏழு மாதம் பொறுத்துக்கொண்டு, கடைசியில் ஆயில் மாற்றுகிறோம். அப்புறம் ஒரு வாரத்தில் நின்றால் குற்றவாளி ஆயில். இந்தக் கதை வாய் வழியாகப் பரவுகிறது. அதைக் கேட்டு, 60,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய, நல்ல நிலையில் இருக்கிற வண்டிக்காரர்களும் பயந்து மாற்றாமல் விடுகிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் அவர்களை நினைத்துத்தான்.

"ஆனா இது ஆயுசு முழுக்க வர்ற ஆயில்னு சொன்னாங்களே" என்பது அடுத்த கேள்வி. யாருடைய ஆயுசு என்று கேட்டுக்கொள்ளுங்கள். உலகமெங்கும் கார் கம்பெனிகளுக்கு ஆட்டோ கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, தன் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. செய்தவர்களே மாற்றச் சொல்கிறார்கள். அதுவும் ஐரோப்பாவின் குளிரில் ஓடும் வண்டிகளையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. காலை ஏழரை மணிக்கு நெரிசலான எம்ஆர்ஆர்2 சாலையில் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஊர்ந்து, வெயிலில் வெந்து, வார இறுதியில் கெந்திங் மலை ஏறி இறங்கும் வண்டிக்கு அதைவிட முன்னாலேயே வேண்டும். உங்கள் கையேட்டைத் திறந்து பாருங்கள். பல கார்களில் சாதாரண ஓட்டத்துக்கு ஒரு கணக்கும் கடுமையான ஓட்டத்துக்கு ஒரு கணக்கும் இருக்கும். நெரிசலில் நின்று நின்று ஓடுவது கடுமையான ஓட்டத்தில்தான் வரும். கையேட்டில் வேறு மாதிரி இல்லை என்றால், என்னிடம் வருகிற வண்டிகளுக்கு நான் சொல்வது 40,000 கிலோமீட்டர். ஓட்டம் குறைவு என்றால் மூன்று வருடம்.

இன்னொரு குழப்பம். "நான் தவறாம சர்வீஸ் பண்றேன், ஆயிலெல்லாம் மாத்திட்டாங்க" என்பார்கள். ரசீதை வாங்கிப் பார்த்தால் மின்யாக் ஹித்தாம் என்கிற இன்ஜின் ஆயில் மட்டும் மாற்றியிருக்கும், கூடவே ஒரு ஆயில் ஃபில்டர். அது இன்ஜினுக்கு. கியர்பாக்ஸ் ஆயில் தனி, அதன் வேலையும் தனி. கேட்டால்தான் மாற்றுவார்கள். கேட்டு மாற்றுங்கள், ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

எந்த ஆயில் என்பதில் நடக்கிற தவறுகளும் கொஞ்சமில்லை. உதிரிபாகக் கடையில் போய், பெரோடுவா மைவி கார் வைத்திருப்பவர்கள் "மைவி கியர் ஆயில் கொடுங்க" என்று கேட்கிறார்கள். எந்த மைவி? 2005ல் வந்த முதல் மைவியிலிருந்து பல வருடம் நான்கு கியர் ஆட்டோதான். 2021 நவம்பரில் வந்த மாற்றத்தில் சிவிடி ஆகிவிட்டது, அதாவது படிப்படியான கியர்களுக்குப் பதிலாக பெல்ட்டில் ஓடும் பெட்டி. புரோட்டோன் சாகா நேர்மாறு. 2019 மாற்றத்துக்கு முன்னால் சில வருடம் சிவிடி, அந்த மாற்றத்தில் நான்கு கியர் ஆட்டோ வந்தது. பெயர் ஒன்று, பெட்டி வேறு, ஆயிலும் வேறு. சிவிடியில் இரும்பு பெல்ட் கப்பியைப் பிடித்து ஓடவேண்டும். அதற்கென்று செய்த ஆயில் வழுக்காமல் பிடிக்க விடும். மற்ற ஆட்டோ கியர்பாக்ஸுக்கான சாதாரண ஆயிலை (ஏடிஎஃப்) ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கப்பியில் கோடு விழும். கோடு விழுந்த கப்பியைச் சரிசெய்ய என்னால் முடியாது, மாற்றத்தான் வேண்டும். "எல்லா காருக்கும் போகும்" என்று எழுதிய புட்டிகளை நான் கடையில் வைப்பதே இல்லை. கையேட்டில் என்ன வகை எழுதியிருக்கிறதோ அது மட்டும்.

மாற்றும் முறையும் முக்கியம். அடியில் போல்ட்டைக் கழற்றி இறக்கினால் மொத்த ஆயிலும் வராது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். அதனால் ரொம்ப நாள் விட்ட வண்டிக்கு ஒரு முறை இறக்கி ஊற்றி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் இறக்கி ஊற்றுவேன். சில வண்டிகளுக்கு மூன்றாவது முறையும் வேண்டியிருக்கும். இயந்திரம் வைத்து அழுத்தி ஒரேயடியாகக் கழுவும் வேலையை வயதான கியர்பாக்ஸில் நான் செய்வதில்லை. அடியில் அமைதியாகப் படிந்திருந்த தூளைக் கிளப்பி ஆயில் அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடிக்குள் அனுப்புவானேன்?

கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். அதில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் பயம் வேண்டாம், அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற துணுக்கு இருந்தால் ஆயில் மாற்றிப் பிரயோஜனமில்லை, அதைப் பட்டறைக்காரர் அப்போதே உங்களிடம் சொல்லவேண்டும். ஆயில் சிராப் பண்டுங் போல பால் கலந்த ரோஸ் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ரேடியேட்டருக்குள் கசிந்து கலந்திருக்கலாம், வெள்ளத்திலும் போயிருக்கலாம். 2021 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் அந்த நிறத்தை நிறையவே பார்த்துவிட்டேன். அந்த வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். தண்ணீர் பட்டால் தட்டில் படலத்தை ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும்.

அளவிலும் கவனம் வேண்டும். கூடினால் நுரைக்கும், குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், இரண்டிலும் அழுத்தம் போகும். அளவுக்கோல் இல்லாத கியர்பாக்ஸில் குறிப்பிட்ட சூட்டில் வைத்துத்தான் அளவு பார்க்கமுடியும். சூடு பார்க்காமல் குத்துமதிப்பாக ஊற்றுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கியர் ஆயில் எரிந்து குறைகிற பொருளும் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள், ஒழுகும் இடத்தைத் தேடச் சொல்லுங்கள்.

உதைக்க ஆரம்பித்துவிட்ட வண்டியா? மாற்றுவதற்கு முன் சோதிக்கச் சொல்லுங்கள். எதனால் உதைக்கிறது என்று பார்த்து, ஆயிலால் சரியாகுமா ஆகாதா என்று உங்களிடம் நேராகச் சொல்லும் ஆளைத் தேடிப் போங்கள். நானும் சில பேரிடம் "இது ஆயிலோடு முடியாது" என்று சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

அந்தத் தம்பியின் கியர்பாக்ஸ் இப்போது என் மேசையில் பிரித்துக் கிடக்கிறது. தட்டுகள் கரியாக இருக்கின்றன. ஓவர்ஹால் செய்தால் எவ்வளவு, பழைய கார்களை வெட்டி உதிரிபாகம் விற்கும் ஹாஃப்-கட் கடையிலிருந்து பழைய பெட்டி எடுத்தால் எவ்வளவு என்று இரண்டு விலையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எப்படிப் பார்த்தாலும் ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்). வண்டி நிற்கிற நாளெல்லாம் அவருக்கு வருமானமும் இல்லை. முதல் 40,000 கிலோமீட்டரில் 200, 300 வெள்ளியோடு முடிந்திருக்கும் வேலை இது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முந்தின வாரம் வந்து நிற்காதீர்கள். அந்த வாரம் எல்லாப் பட்டறையிலும் வரிசை நிற்கும், அவசரத்தில் யாரும் இரண்டு முறை இறக்கி ஊற்ற மாட்டார்கள். ஒரு மாதம் முன்னால் வாருங்கள். கையேட்டையும் பழைய ரசீதுகளையும் கையோடு கொண்டுவாருங்கள், கடைசியாக எப்போது மாற்றியது என்று பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம்.