ரோஷ் ஹஷானா: எக்காளப் பண்டிகையா, வருடப்பிறப்பா?

செப்டம்பர் வந்தால் போதும், ரோஷ் ஹஷானாவை 'யூதர்களின் எக்காளப் பண்டிகை' என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். எபிரேயத்தில் ரோஷ் என்றால் தலை, ஷானா என்றால் ஆண்டு. ஆண்டின் தலை, அவ்வளவுதான். திஷ்ரி என்ற யூத மாதத்தின் முதல் இரண்டு நாள்.

எக்காளம் தமிழ் வேதாகமத்திலிருந்து வந்தது. லேவியராகமம் 23, ஏழாம் மாதம் (அதுதான் திஷ்ரி) முதல் தேதியை எக்காளச் சத்தத்தோடு நினைவுகூரச் சொல்கிறது. வருடப்பிறப்பு என்ற பேச்சே அங்கே இல்லை. அந்தப் பெயர் பிற்பாடு நிலைத்தது. சரி, பழைய பெயரே இருக்கட்டும் என்றாலும் கருவி தப்பு. அன்று ஊதுவது ஷோஃபார், ஆட்டுக்கடாவின் கொம்பு. எக்காளமோ கோயில் ஊர்வலத்தில் வரும் நீண்ட உலோகக் குழல். யோசுவா 6-இல் எரிகோவைச் சுற்றியவர்கள் கையில் 'கொம்பு எக்காளம்' கொடுக்கத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு இங்கே கொம்பு உதிர்ந்துவிட்டது.

போதாததற்கு, இன்றைய தமிழில் 'எக்காளமிட்டான்' என்றால் கெக்கலி கொட்டினான் என்று பொருள். அந்த நாளோ ஒவ்வொருவர் கணக்கையும் இறைவன் பார்க்கும் நாள். தீர்ப்புக்கு முத்திரை விழுவது பத்தாம் நாள், பாவநிவாரண நாளான யோம் கிப்பூரில். ஷோஃபார் ஒலியில் ஷெவாரிம் என்பது மூன்று விம்மல், தெருவா என்பது ஒன்பது கேவல். அழுகைச் சத்தத்துக்கு எக்காளம் என்று பெயர் வைக்க நம்மவர்களால்தான் முடியும். அதோடு, முதல் நாள் சனிக்கிழமையில் விழுந்தால் மரபுவழி யூதர்கள் அன்று ஊதுவதே இல்லை. 2026-இல் அப்படித்தான், செப்டம்பர் 12 சனிக்கிழமை. அன்றைக்கும் எக்காளப் பண்டிகையா?

தனித்தமிழ் அன்பர்கள் 'தலையாண்டு' என்று சொல்லிப் பார்க்கலாம். தலைதீபாவளி கொண்டாடும் ஊரில் அது கல்யாணமான முதல் வருஷம் என்றுதான் காதில் விழும். 'ஆண்டுத்தலை' பொருளுக்குச் சரி; பல வீடுகளில் அன்று மீன் தலை வைத்து, வாலாகாமல் தலையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதும் விளங்கும். ஆனால் பேச்சில் ஓடாது.

என் ஓட்டு 'யூத வருடப்பிறப்பு'க்கு. உலகப் படைப்போடு சேர்த்து நினைக்கப்படும் நாள் என்பதால் பிறப்பு என்ற சொல் நன்றாகவே பொருந்துகிறது. அப்புறம், அன்று சொல்லும் வாழ்த்தான 'ஷானா தோவா' என்றால் 'நல்ல ஆண்டு'. அதில் 'ஹேப்பி'யும் கிடையாது, 'இனிய'வும் கிடையாது. ஆப்பிளைத் தேனில் தொட்டுக் கொடுக்கும்போதுதான் 'இனிய ஆண்டு' என்று தனியாக வேண்டிக்கொள்கிறார்கள்.