240-இல் தொடங்கி 243-இல் முடியும் பாட்டு

16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரோமில் பாலஸ்திரினாவும் மியூனிக்கில் லாஸ்ஸோவும் எழுதிய லத்தீன் திருப்பலிப் பாடல்களைக் கேட்டிருக்கிறீர்களா? நான்கு, ஐந்து, ஆறு குரல்கள் ஆளுக்கொரு வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் ‘ஆமென்’ என்று எல்லாம் ஓரிடத்தில் வந்து நிற்கும். நல்ல குழுவாக இருந்தால், அந்த நொடியில் யாரும் குரலை உயர்த்தாமலே ஒலி பெருகிக் கூடத்தை நிறைக்கும். இந்த இசையின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பேன்.

அங்கே நடப்பது என்ன? ஆண்குரல் ஒன்று 220 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 220 அதிர்வில், ஒரு சுரத்தைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொண்டையிலிருந்து 220 மட்டும் வருவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என 440, 660, 880, 1100 எல்லாமே மெல்லியதாகக் கூடவே வரும். தம்புராவின் மந்தர சட்ஜத்தை மீட்டிவிட்டு உற்றுக் கேட்டால் உள்ளே அந்தர காந்தாரம் ஒலிக்குமே, அதுதான் ஐந்தாம் மடங்கு.

இப்போது இரண்டாவது பாடகர் அந்த 220-க்கு மேலே அந்தர காந்தாரத்தைப் பிடிக்கிறார். அவர் சரியாக 275-இல் நின்றால் இரண்டு குரலுக்கும் விகிதம் 4-க்கு 5. அவருடைய நான்காம் மடங்கு 1100. முதல் ஆளின் ஐந்தாம் மடங்கும் 1100. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்துவிடும். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்த இன்றைய பியானோவில் இதே சுரம் 277.2 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அதன் நான்காம் மடங்கு 1108.7. 1100-உம் 1108.7-உம் சேர்ந்து ஒலித்தால் நொடிக்குக் கிட்டத்தட்ட ஒன்பது தடவை ஒலி ஏறி இறங்கும். பள்ளி இயற்பியலில் விம்மல் என்று படித்தோமே, அதுதான் இது. குரல்கள் தூய விகிதத்துக்குப் பக்கத்தில் வர வர விம்மல் மெதுவாகும். விகிதத்தில் வந்து விழுந்ததும் அடங்கிவிடும். ஒலி ‘பூட்டிக்கொண்டது’ போலத் தோன்றுவது அந்தக் கணத்தில்தான்.

‘ஆமென்’ என்பதன் ‘ஆ’வுக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்குரலில் ‘ஆ’ சொல்லும்போது வாயும் தொண்டையும் சேர்ந்து அமையும் வடிவம், 1100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள ஒலியைத் தனியாகத் தூக்கிக் கொடுக்கும். நாம் பார்த்த இரண்டு குரலும் சந்திக்கும் இடமும் அதேதான். எல்லோரும் ஒரே மாதிரி ‘ஆ’ சொன்னால் அந்த இடம் பளிச்சென்று துலங்கும். ஒருவர் வாயைக் கொஞ்சம் குவித்துவிட்டாலும் மங்கிவிடும். பாடற்குழுப் பயிற்சியில் உயிரெழுத்தைச் சேர்க்கவே அவ்வளவு நேரம் செலவழிப்பது வீண் பிடிவாதமில்லை.

அப்புறம் கட்டடம். வெனிஸின் புனித மாற்கு ஆலயம் போன்ற பெரிய கல் கட்டடங்களில் பாடி முடித்த சுரம் பல நொடி வரை கூடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். கோணலான சுரமும் அதே அளவு நேரம் சுற்றும். சுருதி சுத்தமாக நின்றால் கட்டடம் பாடகருக்குத் துணை, இல்லாவிட்டால் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியானால் ஒவ்வொரு இடத்திலும் சுத்தமான விகிதத்தில் பாடிக்கொண்டே போனால் போதுமே? அந்தக் காலத்து இசை அறிஞர் ஜர்லினோவின் நிலைப்பாடு ஏறக்குறைய இதுதான். 1558-இல் வெளியிட்ட பெரிய நூலில், 1 முதல் 6 வரையிலான எண்களிலேயே இனிமையின் அடிப்படை இருக்கிறது என்று நிறுவினார். 1565-இல் புனித மாற்கு ஆலயத்தின் இசைத் தலைவரும் ஆனார். ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, வெனிஸில் பிறந்த பெனெதெத்தி என்ற கணிதர், இசையமைப்பாளர் சிப்ரியானோ தெ ரோரேவுக்கு எழுதிய கடிதத்தில் இதிலுள்ள ஒரு சிக்கலைக் காட்டியிருந்தார். அது 1585-இல் தூரின் நகரில் அச்சானது.

அவர் காட்டிய கணக்கை நம் சுரங்களில் போட்டுப் பார்க்கலாம். சட்ஜம் 240 ஹெர்ட்ஸ். அங்கிருந்து சுத்தமாகப் பஞ்சமத்துக்கு ஏறுங்கள்: ஒன்றரை மடங்கு, 360. அங்கிருந்து ரிஷபத்துக்கு இறங்குங்கள்: முக்கால் மடங்கு, 270. மறுபடி ஒன்றரை மடங்கு ஏறினால் தைவதம், 405. தைவதத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்கும் சுத்த விகிதம் ஐந்தில் மூன்று. 405-ஐ ஐந்தால் வகுத்து மூன்றால் பெருக்குங்கள். 243!

கிளம்பிய இடம் 240. ஒரு அடியில்கூடத் தப்பு இல்லை, ஆனாலும் சட்ஜம் 3 ஹெர்ட்ஸ் ஏறிவிட்டது. இதையே நான்கு முறை சுற்றினால் 252-ஐத் தாண்டிவிடும். அது ஏறக்குறைய ஒரு அரைச்சுரம், பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம். 80-க்கு 81 என்ற இந்தச் சின்ன இடைவெளிக்குக் ‘கோமா’ என்று பெயர். இரண்டையும் மூன்றையும் பெருக்கி வகுத்து வரும் வழியும், ஐந்து கலந்து வரும் வழியும் ஒருபோதும் ஒரே புள்ளியில் சந்திக்காது. குறை பாடகரிடம் இல்லை, எண்களின் இயல்பே அப்படி.

தனி ஆள் பாடினால் நினைவில் இருக்கும் சட்ஜத்துக்குத் திரும்பிவிடலாம். பலகுரல் இசையில் அது கஷ்டம். ஒருவர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்திருக்கும்போதே அடியில் இன்னொருவர் நகர்கிறார். நகர்கிறவர் ஒத்துப்போக வேண்டியது நீண்டுகொண்டிருக்கும் அந்தச் சுரத்தோடு. பிறகு இவர் பிடித்துக்கொள்ள, அவர் நகர்வார். பிடி இப்படிக் கை மாறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் இருந்த சுருதி எங்கே போயிற்று என்று கேட்க ஆளே இருக்காது. பாட்டின் போக்கைப் பொறுத்துச் சுருதி ஏறலாம், இறங்கவும் செய்யலாம். துணைக் கருவி இல்லாத பாடலுக்கு மேற்கில் ‘அ கப்பெல்லா’ என்று பெயர்; ‘சிற்றாலய முறையில்’ என்று பொருள். போப்பின் சிஸ்டைன் சிற்றாலயக் குழு, தேவாலயங்களில் வாசிக்கும் குழாய்க் கருவியான ஆர்கன் இல்லாமலே பாடியது. அங்கே சுருதியைக் கட்டிப்போட எதுவும் கிடையாது.

ஆர்கன் இருந்த இடங்களில் வேறு ஏற்பாடு. கோமாவை நான்காகப் பங்கு போட்டு, சட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்குக் கொண்டுபோகும் நான்கு பஞ்சமங்களில் ஆளுக்குக் கொஞ்சமாகக் குறைத்துவிடுவார்கள். காந்தாரம் சுத்தமாக நிற்கும், பஞ்சமம் மட்டும் லேசாகத் தாழ்ந்து மெதுவாக விம்மும். சுருதி நகராமல் இருக்க அன்று கொடுத்த விலை அது. நியாயமான விலைதான் என்று எனக்குப் படுகிறது.

ஆர்கன் இல்லாத பாடகர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதில் அன்றே சண்டை. ஜர்லினோவிடம் படித்த வின்சென்சோ கலிலேய், விஞ்ஞானி கலிலியோவின் அப்பா, 1581-இல் தன் ஆசிரியர் சொன்ன சுத்த விகிதங்களை யாரும் அப்படியே பாடுவதில்லை என்று மறுத்து எழுதினார்.

அப்போது பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் ஹோவர்ட் இதைக் கருவி வைத்தே அளந்து பார்த்தார். சுருதி நகர்ந்தால் பளிச்சென்று தெரியும்படியான பயிற்சிப் பாடல்களைத் தானே எழுதி, நான்கு பேரைத் துணைக் கருவி இல்லாமல் பாட வைத்தார். குரல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொருவர் கழுத்திலும் மின்வாய் பொருத்திக் குரல்நாணின் அதிர்வைத் தனித்தனியாகப் பதிவு செய்தார். முடிவு 2007-இல் வெளியானது. பாடகர்கள் பியானோவின் சம இடைவெளிகளைப் பிடிக்கவில்லை, சுத்த விகிதங்களின் பக்கமே சாய்ந்தார்கள். பாட்டு போகப் போகச் சுருதியும் நகர்ந்துகொண்டே போனது.