தனிச்சலுகை வேட்டை: ‘ரென்ட் சீக்கிங்’ என்பது வாடகை தேடுவதா?

பொருளியல் கட்டுரைகளில் வரும் ‘ரென்ட் சீக்கிங்’ என்ற தொடரைச் சிலர் ‘வாடகை தேடுதல்’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். படிப்பவருக்கு வீடு தேடி அலைபவரின் நினைவுதான் வரும். பொருள் அதுவல்ல. புதிதாக எதையும் உண்டாக்காமல், அரசின் கட்டுப்பாட்டால் பிறக்கும் மிகை வருமானத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளப் பணம், நேரம், ஆள்பலம் ஆகியவற்றைச் செலவிடுவதே ரென்ட் சீக்கிங். இறக்குமதி உரிமம், போட்டியாளர் உள்ளே வராமல் தடுக்கும் சட்டம், உயர்த்தப்பட்ட சுங்க வரி, குறிப்பிட்ட தொழிலுக்கு மட்டுமான மானியம் என எதை நோக்கியும் இந்த முயற்சி நடக்கலாம்.

‘ரென்ட்’ என்பதன் வேர் லத்தீனில் ‘திருப்பித் தருதல்’ என்னும் பொருள் கொண்ட வினைச்சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. நிலத்தைப் பயிரிடுபவர் உடையவருக்குத் தரும் பங்கைக் குறிக்கத் தமிழில் ‘வாரம்’ நெடுங்காலமாகவே உண்டு. விளைச்சலில் நிலவுடைமையாளருக்கோ அரசுக்கோ போவது மேல்வாரம், உழுதவரிடம் நிற்பது குடிவாரம். தமிழ்ப் பொருளியல் பாடநூல்கள் அந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டன: நிலத்துக்கு வாரம், உழைப்புக்குக் கூலி, மூலதனத்துக்கு வட்டி, தொழில்முனைவுக்கு இலாபம். வாடகை என்பது வீட்டுக்கும் வண்டிக்கும் கொடுப்பது. அதில் பெரும்பகுதி கட்டிய செலவுக்கும் பராமரிப்புக்கும் ஈடு என்பதால் பொருளியல் சொல்லும் வாரத்தில் அது சேராது.

வாரத்தின் கோட்பாட்டுப் பொருளை நிலைநிறுத்தியவர் பிரிட்டனின் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ. வாரம் அதிகம் என்பதால் தானியம் விலை ஏறுவதில்லை, தானியம் விலை ஏறியதால்தான் வாரம் கூடுகிறது என்று 1817இல் அவர் வாதிட்டார். வெளிநாட்டுத் தானியத்தைத் தடுத்த 1815ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது பிரிட்டனில் நடப்பில் இருந்தது. விலை உயர்ந்தது, ஒரு மூட்டைகூடக் கூடுதலாக விளைவிக்காத நிலவுடைமையாளரின் வரவும் உயர்ந்தது. அந்தச் சட்டம் 1846இல்தான் நீங்கியது. பின்னர் வாரத்தின் பொருள் நிலத்தைத் தாண்டி விரிந்தது. ஒரு வளத்தை அதன் இப்போதைய பயன்பாட்டில் வைத்திருக்கத் தேவையான தொகைக்கு மேல் கிடைப்பதெல்லாம் வாரம் என்றானது.

‘சீக்கிங்’ என்ற பிற்பாதி ஒட்டியது மிகவும் பிந்தி. 1954இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்னால்ட் ஹார்பர்கர், முற்றுரிமையால் (சந்தை முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால்) அமெரிக்க ஆலைத்தொழிலில் ஏற்படும் நலன் இழப்பைக் கணக்கிட்டு, அது தேசிய வருமானத்தில் 0.1 சதவீதம் அளவுக்கே வரும் என்றார். இவ்வளவு அற்பமான இழப்புக்கா இத்தனை கூச்சல் என்ற கேள்வி எழுந்தது. 1967இல் இன்னொரு அமெரிக்கப் பொருளியலாளரான கோர்டன் டல்லக் அதற்கு விடை சொன்னார். திருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பணம் இன்னொருவர் கைக்குப் போவது வெறும் கைமாற்றம்தான். ஆனால் திருடன் செலவிடும் நேரம், பூட்டு, காவலாள், காவல்துறை ஆகியவை உண்மையான செலவு. முற்றுரிமையும் சுங்கச் சலுகையும் அப்படித்தான். கிடைத்த இலாபத்தை மட்டும் பார்த்தால் போதாது, அதைப் பெறுவதற்கும் தடுப்பதற்கும் கரைந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கணக்காகப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். உள்நாட்டில் உற்பத்தியே இல்லாத ஒரு பொருள் உலகச் சந்தையில் 100 ரூபாய்; அந்த விலையில் 1,20,000 விற்கும். அரசு 1,00,000க்கு மட்டும் இறக்குமதி உரிமம் தருகிறது. விலை 140 ஆகிறது. வாங்காமல் விலகிய 20,000 பேரின் இழப்பு, விலையையும் விற்பனையையும் வரைபடமாகப் போட்டால் தெரியும் முக்கோணத்தின் பரப்பாக (20,000 × 40 ÷ 2), 4 லட்சம் ரூபாய். ஹார்பர்கர் அளந்தது இதைத்தான். உரிமம் வைத்திருப்பவர்களுக்கோ ஒவ்வொன்றிலும் 40 ரூபாய் வீதம் 40 லட்சம் கிடைக்கிறது. வரைபடத்தில் இது ஒரு செவ்வகம். டல்லக் விரல் நீட்டியது இந்தச் செவ்வகத்தை நோக்கி. இதே விலை உயர்வைச் சுங்க வரியாக விதித்திருந்தால் அந்த 40 லட்சம் கருவூலத்துக்குப் போயிருக்கும்.

அந்தச் செவ்வகத்தில் எவ்வளவு கரையும்? டல்லக் 1980இல் ஒரு குலுக்கல் மாதிரியை முன்வைத்தார். செலவிடும் தொகைக்கு ஏற்ற விகிதத்தில் வெல்லும் வாய்ப்பு, செலவு செய்தது திரும்பாது. இருவர் போட்டியிட்டால் ஆளுக்குக் கால்பங்கு வீதம் பரிசில் பாதியைச் செலவழிப்பார்கள். பத்துப் பேர் என்றால் ஆளுக்கு 9 சதவீதம், ஆக 90 சதவீதம். நம் கணக்கில் 36 லட்சம். வென்றவர் பத்திரிகையில் படமாக வருவார். தோற்ற ஒன்பது பேரின் செலவு எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது.

இந்த நடத்தைக்கு ‘ரென்ட் சீக்கிங்’ என்று பெயர் சூட்டியவர் ஆன் குரூகர், 1974இல். பின்னாளில் உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராக இருந்தவர். அவர் எடுத்துக்காட்டிய நாடுகள் இந்தியாவும் துருக்கியும். 1964இல் இந்தியாவில் கட்டுப்பாடுகளால் எழுந்த வாரம் தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம் என்று மதிப்பிட்டார். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இறக்குமதி உரிமங்களால் வந்தது. 1968இல் துருக்கியில் இறக்குமதி உரிமங்களின் வாரம் மட்டுமே 15 சதவீதம் அளவு. அவர் விவரித்த ஒரு வழிமுறையைக் கவனியுங்கள். மூலப்பொருள் உரிமம் ஆலையின் நிறுவுதிறனுக்கு (இயந்திரங்கள் முழுதாக ஓடினால் செய்யக்கூடிய உற்பத்தி அளவுக்கு) ஏற்பப் பகிரப்பட்டது. எனவே இருக்கும் இயந்திரமே பாதி நேரம் சும்மா நிற்கும்போதும் முதலாளி இன்னொரு கொட்டகை எழுப்பி இயந்திரம் வாங்கிப்போட்டார். உரிமம் பெரிதாகும் அல்லவா? புள்ளிவிவரத்தில் அது முதலீடு. உண்மையில் விண்ணப்பத்துக்கான செலவு. அரசுப் பதவிகளுக்கான போட்டியையும் குரூகர் இதில் சேர்த்தார். மேல்வரும்படி உள்ள பதவி என்றால் அதற்காகக் கூடுதல் ஆண்டுகள் படிப்பதும் காத்திருப்பதும்கூட அந்த வாரத்தைத் தேடிய செலவுதான்.

அதனால் இந்தச் சொல்லை லஞ்சத்துக்கு மறுபெயராக எழுதுவது பிழை. லஞ்சம் கைமாறும் பணம். அதைக் கொடுக்கும் இடத்துக்கும் வாங்கும் இடத்துக்கும் வந்துசேர ஆன செலவே இங்கே பேச்சு. சட்டத்துக்கு முழுக்க உட்பட்டும் ரென்ட் சீக்கிங் நடக்கும். கொழுத்த இலாபம் ஈட்டும் நிறுவனத்தையெல்லாம் இப்படி அழைப்பதும் தவறு. புதிய பொருளால் வரும் இலாபத்தைப் பார்த்துப் பிறர் நுழைவார்கள், விலை இறங்கும், இலாபம் தேயும். அந்த நுழைவாயிலில் சட்டம் பூட்டுப் போட்டிருக்கிறதா என்பதே பொருளியலாளர் ஜேம்ஸ் புக்கானன் முதலியோர் இலாப நாட்டத்தையும் இதையும் பிரிக்க வைத்த உரைகல். காப்புரிமை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சந்தைப் பொருளியலாளர்களே அதில் ஒத்துப்போவதில்லை.

இனி தமிழ்ச் சொல். பாடநூல் வழியில் நின்றால் ‘வாரம் நாடல்’ சரியானது. ஆய்வுக் கட்டுரைக்குப் பொருந்தும். நாளிதழில் எழுதினால் ஏழு நாளைத்தான் தேடுவார்கள். ‘சலுகை தேடல்’ பக்கத்தில் வருகிறது, ஆனால் மாணவர் பயணச் சலுகைகூடச் சலுகைதானே. எங்கள் தேர்வு ‘தனிச்சலுகை வேட்டை’. ‘தனி’ என்பது பிறரை வெளியே நிறுத்துவதைச் சொல்கிறது, ‘வேட்டை’ செலவையும் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பையும் சொல்கிறது. கோட்பாட்டுச் சொல்லான ‘எகனாமிக் ரென்ட்’ மட்டும் ‘பொருளியல் வாரம்’ என்றே இருக்கட்டும்.

உரிமங்களை ஏலம் விட்டால் வேட்டை நின்றுவிடுமா? பெருமளவு குறையும், ஏனெனில் வாரம் கருவூலத்துக்குப் போகிறது. ஆனால் பழைய சலுகையை ஒழிப்பது வேறு சிக்கல். டல்லக் 1975இல் இதற்கு ‘இடைக்கால ஆதாயப் பொறி’ என்று சொல்லத்தக்க பெயர் ஒன்றைக் கொடுத்தார். நியூயார்க் டாக்சி உரிமம் அதற்குப் பொருத்தமான சான்று. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தால் எண்ணிக்கை கட்டுப்பட, உரிமத்துக்கே தனி விலை முளைத்தது. 2014 வாக்கில் அது 10 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆதாயம் முழுவதும் முதலில் வைத்திருந்து விற்றவர்களோடு போயிற்று. கடன் வாங்கி முழு விலை கொடுத்தவருக்குச் சாதாரண வரவுதான். செயலிவழி வாடகைக் கார்கள் வந்து விலை சரிந்தபோது அடிபட்டவர்களும் அவர்களே. சலுகையைக் காக்கச் சொல்லி வாயிலில் நிற்பவர்கள் பல நேரம் அதனால் கொழுத்தவர்கள் அல்லர், அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள்.