பரவல்: மொத்தம் மாறாத ஒரு பங்கீடு

பரவல் என்றதும் பலருக்கு நோய்தான் நினைவுக்கு வரும். தொற்றுப் பரவல், காய்ச்சல் பரவல் என்று செய்தியில் கேட்டுப் பழகிவிட்டோம். அங்கே பரவுவது நாளுக்கு நாள் கூடும். நிகழ்தகவுப் பாடத்தில் வரும் பரவல் கூடுவதே இல்லை. அதன் மொத்தம் எப்போதும் 1. அந்த 1, எந்த விளைவுக்கு எவ்வளவு என்று பிரிந்து கிடக்கும் விதத்துக்குத்தான் பரவல் என்று பெயர்.

ஆங்கிலத்தில் இது டிஸ்ட்ரிபியூஷன். லத்தீனில் 'திஸ்திரிபுவேரே' என்றால் பிரித்துக் கொடுத்தல். விநியோகம் என்று நாம் சொல்கிறோமே, அதே பொருள். அப்படியானால் பகிர்வு என்றே பெயர் வைத்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் பகிர்வதற்கு ஓர் ஆள் வேண்டும். நாணயத்தைச் சுண்டும்போது யாரும் உட்கார்ந்து பங்கு வைப்பதில்லை; பங்கு தானாக அமைகிறது. அதனால் பரவலே சரியான சொல் என்பேன்.

இலங்கைப் பாடநூல்களில் இதுவே பரம்பல். பரவு, பரம்பு, பரப்பு, பரந்த எல்லாம் ஒரே குடும்பம். எனக்குப் பரம்பல் மேல் தனிப் பிரியம் உண்டு. நடவுக்கு முன் சேற்று வயலைச் சமன் செய்ய மாடு பூட்டி இழுக்கும் பலகைக்கும் பரம்பு என்றுதான் பெயர். பரம்பு அடிப்பதால் வயலில் சேறு கூடாது, குறையாது. ஓரிடத்தில் மேடு என்றால் இன்னோரிடத்தில் பள்ளம்.

அக்கா மகளுக்கு ஒருநாள் இதைச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது. நான்கு நாணயங்களைச் சுண்டினால் விழும் தலைகளின் எண்ணிக்கை 0, 1, 2, 3, 4 என ஐந்து விதம்; ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒன்று என்று எழுதியிருந்தாள். "கூட்டினா ஒண்ணுதானே மாமா வருது?" என்றாள். வருகிறதுதான். ஆனால் அவள் வயலைப் பரம்படித்துவிட்டாள். இரண்டு தலை விழ எத்தனை வழி என்று எழுதச் சொன்னேன்: ததபூபூ, தபூதபூ, தபூபூத, பூததபூ, பூதபூத, பூபூதத. ஆறு வழிகள். நான்கும் தலையாக விழ ஒரே வழி. மொத்தம் 16 வழிகள். அவை 1, 4, 6, 4, 1 என்று பிரிகின்றன. நடுவில் மேடு, ஓரங்களில் பள்ளம். பகடை உருட்டினால் மட்டும் ஆறு முகத்துக்கும் சம பங்கு. அது சீரான பரவல், பரம்படித்த வயல்.

இந்த 1, 4, 6, 4, 1 எங்கிருந்து வருகிறது? இரண்டு உறுப்புகளின் கூட்டலை, அதாவது (a + b)ஐ, நான்காம் அடுக்குக்கு விரித்தால் கிடைக்கும் கெழுக்கள், அதாவது ஒவ்வோர் உறுப்பின் முன்னும் நிற்கும் எண்கள், இவை. இரண்டு உறுப்பு, ஆகவே ஈருறுப்புப் பரவல். வெற்றி, தோல்வி என இரண்டு விளைவு இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். பெயர் வந்தது இயற்கணித விரிவிலிருந்து. ஆனால் அந்த இரண்டு உறுப்புகளும் வெற்றியின் நிகழ்தகவும் தோல்வியின் நிகழ்தகவுமே என்பதால், தவறாகப் புரிந்துகொண்டவர்களும் கணக்கைச் சரியாகவே போடுகிறார்கள். சுவிஸ் கணித அறிஞர் ஜேக்கப் பெர்னூலி இதை விரிவாக ஆராய்ந்த நூல் அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1713இல் வெளிவந்தது.

சரி, ஒரு கணக்கு. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஒன்றும் படிக்காமல் குருட்டாம்போக்கில் குறித்தால் ஒன்றாவது சரியாக இருக்க வாய்ப்பு என்ன? 'குறைந்தது ஒன்று' என்ற சொல்லைக் கண்டதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டத் தொடங்க வேண்டாம். மொத்தம் 1 அல்லவா? பூச்சியத்தின் பங்கை எடுத்துவிட்டால் மீதி அனைத்தும் நமக்கு. பத்தும் தவறாக, 0.75இன் பத்தாம் அடுக்கு, 0.056. விடை 0.944. ஆனால் குறைந்தது ஐந்து சரியாக இருக்க வாய்ப்பு 0.078தான்.

அப்புறம் பாய்சான் பரவல். இது ஒரு கணித அறிஞரின் பெயர். பிரெஞ்சு மொழியில் மீன் என்று பொருள், அதைத் தமிழாக்க வேண்டியதில்லை. 1837இல் பாய்சான் எழுதியது இது. வாய்ப்புகள் ஏராளம், ஒவ்வொரு வாய்ப்பிலும் நிகழ்வது அபூர்வம் என்ற இடத்தில் பொருந்தும். கணக்கில் 'சராசரியாக மணிக்கு இரண்டு அழைப்புகள்' என்பது போல ஒரே ஒரு சராசரி மட்டும் கொடுத்திருந்தால் பெரும்பாலும் இதுதான்.

இதற்குப் புகழ்பெற்ற சான்று பிரஷ்யக் குதிரைப்படை. குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கைப் புள்ளியியலாளர் போர்ட்கீவிச் 1898இல் வெளியிட்டார். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள். ஒரு பிரிவுக்கு ஓர் ஆண்டு ஒரு பதிவு; ஆக 200 பதிவுகள், 122 சாவுகள். சராசரி 0.61. ஒரு சாவும் இல்லாத பதிவுகள் எத்தனை? பாய்சான் சூத்திரப்படி, e என்னும் மாறிலியின் (ஏறத்தாழ 2.718) -0.61 அடுக்கு 0.543, அதை 200ஆல் பெருக்கினால் 108.7. அதை 0.61ஆல் பெருக்கினால் ஒரு சாவுக்கான எண், 66.3. மறுபடி 0.61ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் இரண்டு சாவுக்கு, 20.2. அடுத்தது 3ஆல் வகுக்க, 4.1. அடுத்தது 4ஆல், 0.6. உண்மையில் பதிவானவை 109, 65, 22, 3, 1. ஒவ்வொரு சாவும் தற்செயல். மொத்தமாகப் பார்த்தால் இவ்வளவு ஒழுங்கு. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மூன்றாவது, தமிழ்நாட்டில் இயல்நிலைப் பரவல், இலங்கையில் செவ்வன் பரம்பல். மூலச் சொல்லான நார்மல், தச்சரின் மூலமட்டத்தைக் குறிக்கும் 'நோர்மா' என்ற லத்தீனிலிருந்து வந்தது. வேலையைச் செவ்வனே முடித்தான் என்கிறோமே, அந்தச் செவ்வன் இந்தப் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. இயல்நிலை என்றால் மற்றப் பரவல்கள் இயல்பற்றவை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இந்த இடத்தில் இலங்கைச் சொல்தான் மேல்.

1733இல் கணித அறிஞர் தெ மாவர் இதைக் கண்டடைந்ததும் நாணயக் கணக்கிலிருந்துதான். நான்கு நாணயத்துக்குப் படிப்படியாகத் தெரிந்த மேடு, நூறு நாணயத்துக்கு வழவழப்பான மணி வடிவமாகிவிடும். அப்போது நிகழ்தகவு என்பது அந்த வளைவரைக்குக் கீழே உள்ள பரப்பு. பரவலும் பரப்பும் ஒரு வேர்ச்சொற்கள் என்றேனே, இங்கே கணக்கிலும் சேர்ந்துகொள்கின்றன. நூறு முறை சுண்டினால் சராசரி 50 தலை, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து விளைவுகள் எவ்வளவு விலகிச் சிதறுகின்றன என்பதன் அளவு) 5. இருபுறமும் இரண்டு திட்ட விலக்கம் போனால் 40 முதல் 60 வரை. மொத்தப் பரப்பில் 95 சதவீதத்துக்கு மேல் அதற்குள் அடங்கிவிடும்.

இலங்கை வினாத்தாள்களை எடுத்துப் பயிற்சி செய்கிறவர்களுக்கு: திட்ட விலக்கம் அங்கே நியம விலகல், தலைகளின் எண்ணிக்கை போலத் தற்செயலாக மாறும் எண்ணான சமவாய்ப்பு மாறி அங்கே எழுமாற்று மாறி. நிகழ்தகவு இரண்டு நாட்டிலும் நிகழ்தகவேதான்.