மருத்துவரிடம் வலியைச் சொல்வது ஸப்ரை (பொறுமையை) கெடுக்காது

புற்றுநோயாளிகளின் வலியைத் தணிப்பதே என் அன்றாட வேலை. சென்ற மாதம் ஓர் உம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சையை மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்தவர். பரிசோதிப்பதற்காக அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தபோது, கட்டில் கம்பியைப் பற்றியிருந்த அவருடைய விரல் கணுக்கள் வெளுத்துவிட்டன; உதடுகள் மட்டும் இறைவனை நினைந்து ஓதும் திக்ரில் அசைந்துகொண்டிருந்தன. "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு இருக்கிறது, உம்மா?" என்று கேட்டேன். "அல்ஹம்துலில்லாஹ்" (எல்லாப் புகழும் இறைவனுக்கே) என்றார். மீண்டும் கேட்டேன். "அவன் தந்ததைப் போய்க் குறை சொல்லலாமா, டாக்டர்?" என்றார். முதுகுவலி தொடங்கி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கால்கள் செயலிழந்து மூன்று நாள்கள். "உம்மா ரொம்ப ஸப்ரானவங்க, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்றார் மகன், தலையைக் குனிந்தபடி.

முதுகெலும்புக்குப் பரவிய கட்டி தண்டுவடத்தை எப்படி நெருக்குகிறது என்பதை இங்கே விளக்கப் போவதில்லை. நடக்க முடிகிற நிலையில் வருபவரின் நடையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், கால்கள் முற்றிலும் செயலிழந்த பின் வருபவரை மீண்டும் நடக்க வைப்பது அரிது என்பதை மட்டும் அறிந்துகொண்டால் போதும். இப்படி வந்த முதல் நோயாளி அவர் அல்லர் என்பதால்தான் இதை எழுதுகிறேன். நான் மார்க்கம் கற்ற ஆலிம் அல்லன். ஆனால் ஒரு தவறான புரிதலின் விளைவை நாள்தோறும் கையால் தொட்டுப் பார்க்கிறவன்.

ஸப்ரு என்ற சொல்லின் வேர்ப்பொருள் தடுத்து நிறுத்துதல் என்பதாகும். மனத்தைப் பதற்றத்திலிருந்தும், நாவை முறையீட்டிலிருந்தும், கைகளைக் கன்னத்தில் அறைந்துகொள்வது, ஆடையைக் கிழித்துக்கொள்வது போன்ற செயல்களிலிருந்தும் தடுத்துக்கொள்வதே ஸப்ரு என்று 1350இல் மறைந்த இமாம் இப்னுல் கைய்யிம் விளக்கினார். 'நாவை முறையீட்டிலிருந்து' என்ற பகுதியைத்தான் நம் மக்கள் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது என்று வாய் திறப்பதே ஈமானின் (இறைநம்பிக்கையின்) குறை என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் துன்பம் நீங்குவதற்கு உதவியோ வழிகாட்டுதலோ நாடி ஒருவர் தம் நிலையை மற்றவருக்கு எடுத்துரைப்பது ஸப்ரைப் பாதிக்காது என்று அதே இமாம் எழுதியிருக்கிறார். அதற்கு அவர் காட்டுகிற உதாரணமே நோயாளி மருத்துவரிடம் தம் உபாதையைச் சொல்வதுதான். இதைப் படித்த அன்று, என் மருத்துவ அறையின் கதவில் எழுதி ஒட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

நபிகளாரின் துணைவி அன்னை ஆயிஷா (ரலி) தலைவலி தாளாமல் "என் தலையே!" என்றபோது, அப்படிச் சொல்லாதே என்று நபி (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை, "இல்லை, என் தலையே!" என்று தமக்கிருந்த வலியையும் வாய்விட்டுச் சொன்னார்கள் என்பது நபிமொழித் தொகுப்பான ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது. பொறுமைக்கு நாம் எப்போதும் எடுத்துக்காட்டும் இறைத்தூதர் அய்யூப் (அலை) அவர்கள், "எனக்குத் துன்பம் நேர்ந்துவிட்டது" என்று வாய் திறந்து இறைவனிடம் சொன்னதைக் குர்ஆன் (21:83) பதிவு செய்கிறது. "அவரைப் பொறுமையாளராகவே கண்டோம்" (38:44) என்று அவரைப் புகழ்வதும் அதே குர்ஆன்தான். மகனைப் பிரிந்த துயரத்தால் கண்கள் வெளுத்துப்போன இறைத்தூதர் யஃகூப் (அலை) அவர்கள், "அழகிய பொறுமையே" என்று சொன்னதோடு நின்றுவிடவில்லை. "சென்று யூசுஃபையும் அவருடைய சகோதரரையும் தேடுங்கள்" என்று தம் மற்ற மகன்களை அனுப்பினார்கள் (12:87). தேடுவதை நிறுத்திவிடுவது பொறுமையாகாது.

வலிப்பு நோயால் துன்புற்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸை (நபிமொழியை) சிலர் என்னிடம் எடுத்துக்காட்டுவார்கள். அதை முழுமையாகப் படியுங்கள். அவர் தாமாகவே நபி (ஸல்) அவர்களிடம் வந்து தம் நிலையை எடுத்துச் சொல்கிறார். பொறுத்துக்கொண்டால் சொர்க்கம் உண்டு, விரும்பினால் குணமடையத் துஆ (பிரார்த்தனை) செய்கிறேன் என்று அவருக்கு நபிகளாரால் இரு வழிகள் காட்டப்படுகின்றன. பொறுமையைத் தேர்ந்துகொண்ட அவர், வலிப்பின்போது ஆடை விலகாதிருக்கத் துஆ செய்யுமாறு கேட்டுப் பெறுகிறார். முடிவு அவருடையது. கணவரோ மாமியாரோ பார்க்க வந்தவரோ அவருக்காக முடிவெடுக்கவில்லை. மேலும், "மருத்துவம் செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எந்த நோயையும் அதற்குரிய மருந்து இல்லாமல் அல்லாஹ் வைக்கவில்லை" என்ற நபிமொழியும் அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் இருக்கிறது. அதை ஏன் வசதியாக மறந்துவிடுகிறோம்?

மார்ஃபின் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கும் ஒரு சொல். கடும் வலிக்கு மருத்துவர் அளந்து தருகிற மார்ஃபின், போதைக்காக உட்கொள்ளப்படுவது அன்று. தேவையின் அடிப்படையில் மார்க்க அறிஞர்கள் இதை அனுமதித்திருக்கிறார்கள். தொழில் முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வலி அடங்கிய பிறகு நோயாளிகள் பலர் என்னிடம் முதலில் சொல்வது, தொழுகையில் மனம் ஒன்றுகிறது என்பதைத்தான்.

ஆகவே, வலி எவ்வளவு என்று கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள். அல்ஹம்துலில்லாஹ்வும் சொல்லுங்கள், எட்டு என்றும் சொல்லுங்கள். மாத்திரையை வலி வந்தபின் விழுங்கலாம் என்று ஒதுக்கி வைக்காமல், எழுதித் தந்த நேரத்தில் விழுங்குங்கள். வீட்டில் இருப்பவர்கள் நோயாளியின் வாயை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்; தூங்குகிறாரா, புரண்டு படுக்கையில் முகம் சுருங்குகிறதா, தொழுகையில் ருகூவுக்குக் குனியத் தயங்குகிறாரா என்று பாருங்கள். நலம் விசாரிக்கச் செல்பவர்களே, "ஸப்ரு செய்யுங்கள்" என்ற சொல்லை வாசலிலேயே சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள், தயவுசெய்து. முதலில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். அவர் அழுதால் அழ விடுங்கள். தம் மகன் இப்ராஹீமின் மரணத்தின்போது நபி (ஸல்) அவர்களின் கண்களும்தான் கண்ணீர் வடித்தன.

புற்றுநோய் கண்டிருந்த ஒருவருக்குப் புதிதாக முதுகுவலி வந்து, அது படுத்தாலும் இருமினாலும் கூடுகிறது என்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கால் தளர்ந்தாலோ மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, காலை வரைகூடக் காத்திருக்காமல் அந்த இரவிலேயே மருத்துவமனைக்கு அழைத்து வந்துவிடுங்கள்.