பாலிடனல்: சுரங்கம் அல்ல, கூண்டு

வளைத்து நட்ட கம்பிகளின் மேல் பாலித்தீன் விரிப்பைப் போர்த்தி, உள்ளே செடி வளர்க்கும் அமைப்புக்குப் பாலிடனல் என்று பெயர். பிரிட்டனில் வீட்டுத் தோட்டக்காரர் முதல் ஸ்ட்ராபெரி பண்ணைக்காரர் வரை அன்றாடம் புழங்கும் சொல் இது. நம் பக்கம் ஓடுவது 'பாலிஹவுஸ்'தான். மொழிபெயர்க்க உட்காருபவர்கள் சட்டென்று 'பாலி சுரங்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் மனதில் நெய்வேலிதான் வந்து நிற்கும்.

முதலில் 'பாலி'. கிரேக்கத்தில் இதற்குப் 'பல' என்று பொருள். ஆனால் இங்கே அந்தப் பொருளைத் தேட வேண்டாம். பாலித்தீன் என்பதன் தலைத்துண்டு மட்டுமே இது. 1933இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில், எத்திலீன் வாயுவைக் கடும் அழுத்தத்தில் வைத்துப் பார்த்தபோது மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒன்று மிஞ்சியது. அதுதான் பாலித்தீன். வாழைத்தாரைப் பழுக்க வைக்கிறதே, அதே எத்திலீன்தான். இரண்டாம் உலகப் போரின்போது பாலித்தீன் ரேடார் கேபிள்களுக்கு உறையாக இருந்துவிட்டு, போர் முடிந்ததும் விரிப்பாகித் தோட்டத்துக்கு வந்தது. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் எமெர்ட் என்ற பேராசிரியர் 1948இல் மரச்சட்டத்தின் மேல் கண்ணாடிக்குப் பதிலாக செலோஃபேன் தாளைப் போர்த்தி ஒரு குடில் கட்டினார். பின்னர் பாலித்தீனுக்கு மாறினார். ஜப்பானில் போர்வைக்கு வினைல் விரிப்பு பரவியதால் அங்கே இன்றும் இதற்குப் பெயர் 'வினைல் ஹவுஸ்'.

'டனல்' கதைதான் சுவையானது. பழைய பிரெஞ்சில் பீப்பாயைக் குறித்த 'தொனெல்' என்ற சொல்லின் வழியில் வந்தது. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் டனல் என்றால் மண்ணுக்கடியில் போகும் வழி இல்லை. வளையங்களில் வலை கட்டிச் செய்த பறவைப் பொறி. மலையைக் குடைந்த பாதைக்கு அந்தப் பெயர் வந்தது வெகு பிந்தி, 18ஆம் நூற்றாண்டில். பிரெஞ்சில் 'தொனெல்' குடும்பத்து இன்னொரு சொல், கொடி படரவிடும் பந்தலை இன்றும் குறிக்கிறது. ஆக, வளையமும் போர்வையும்தான் அந்தச் சொல்லின் பழைய பொருள்; குடைவது அப்புறம் ஒட்டிக்கொண்டது.

நம் சுரங்கத்துக்கோ குடைவதுதான் உயிர். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் வரும் 'சுருங்கா' என்ற வடசொல்லோடு தொடர்புடையது அது. அந்தச் சுருங்காவும் கிரேக்கத்தில் குழலைக் குறிக்கும் 'சிரின்க்ஸ்' என்பதிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்படிப் பார்த்தால் மருத்துவமனை சிரிஞ்சும் சுரங்கமும் பங்காளிகள். எப்படியானாலும், வெயிலில் நிற்கும் பந்தலுக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை.

என் ஓட்டு 'கூண்டு'க்கு. கூண்டு வண்டியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: மூங்கில் பிளாச்சுகளை அரைவட்டமாக வளைத்து, குறுக்கே கட்டி, மேலே பாய் போர்த்தியிருப்பார்கள். பாயை எடுத்துவிட்டு பாலித்தீன் போட்டால் அது பாலிடனல். எனவே நெகிழிக்கூண்டு. கிளிக்கூண்டு நினைவுக்கு வருமே என்றால், டனலும் பறவை பிடித்த சொல்தானே! புழக்கத்தில் உள்ள 'பசுமைக்குடில்' நல்ல சொல், ஆனால் அது கண்ணாடி வீடு உட்பட எல்லாவற்றுக்கும் பொது. இலங்கையில் அதையே பச்சை வீடு என்பார்கள். இந்தப் பெரிய குடும்பத்தில் வளைகூரை கொண்ட கிளைக்கு மட்டும் கூண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

வகைகளுக்கும் பெயர் எளிதாக அமைகிறது. முழங்கால் உயரம், பாத்தி அகலம்: தாழ்கூண்டு. ராஜஸ்தான், ஹரியானா, பஞ்சாப் பக்கம் டிசம்பர், ஜனவரி குளிரில் முலாம்பழக் கொடிகளை இதற்குள் காப்பாற்றி, மற்றவர்களுக்கு முன்பே சந்தைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். போடுவது மெல்லிய விரிப்புதான். குளிர் தணிந்ததும் சுருட்டிவிடுவார்கள். ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரம் இருந்தால் நடைகூண்டு. பிரிட்டனின் தோட்டக்கடைகள் பாலிடனல் என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான். விரிப்பின் ஓரங்களை இருபுறமும் வாய்க்கால் வெட்டிப் புதைத்துவிடுவார்கள். விரிப்பை இறுக்கிப் பிடிக்கும் வேலை அந்த மண்ணுடையது. கூண்டுகளை அருகருகே நிறுத்தி, நடுவில் மழைநீர்த் தகடு வைத்தால் தொடர்கூண்டு.

'ஸ்பானிஷ் டனல்' தனி ரகம். பிரிட்டிஷ் ஸ்ட்ராபெரி வயல்களில் ஏக்கர் கணக்கில் நிற்பது இதுதான். கால்களைத் தரையில் திருகி இறக்கியிருப்பார்கள். விரிப்பைப் பிடித்திருப்பது வெறும் கயிறு. வெயில் ஏறினால் விரிப்பை மேலே தள்ளிவிடலாம். ஸ்பெயினின் அல்மேரியாவில் வெள்ளைக் கடலாகத் தெரியும் குடில்களோ வேறு. தட்டையான கூரை கொண்ட அவற்றின் பெயர் 'பர்ரால்'. திராட்சைப் பந்தல் என்று பொருள். திராட்சைக்குப் போட்ட தூணும் கம்பியும் அப்படியே பாலித்தீனைத் தாங்க வந்துவிட்டன. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்கள் அதை நொடியில் புரிந்துகொள்வார்கள். அதைக் கூண்டு என்று சொல்ல முடியாது, பந்தல்தான் சரி. ஓசூரில் ரோஜா வளரும் உயரமான பாலிஹவுஸ்களிலும் கூரையில் காற்றுப்போக்கி இருக்கும், வடிவமும் வேறு. அவற்றைக் குடில் என்றே விடலாம்; ஏக்கர் கணக்கில் பரந்ததற்குக் குடில் என்ற பெயர் சின்னதாக இருக்கிறதே என்றால், அது பழகிவிட்டது.

ஒரு விஷயத்தில் கண்ணாடிக்கும் பாலித்தீனுக்கும் வேறுபாடு உண்டு. சாதாரண பாலித்தீன் வெளிச்சத்தை உள்ளே விடுவது போலவே, இரவில் மண் வெளிவிடும் வெப்பத்தையும் பெருமளவு வெளியே விட்டுவிடும். விடியற்காலையில் உட்புறம் முழுக்க நீர்த்துளி கோத்திருக்கும். கைபட்டால் கழுத்தில் மழை. அந்த நீர்ப்படலம் வெப்பம் வெளியேறுவதைக் கொஞ்சம் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் துளி இலையில் சொட்டினால் பூஞ்சணம் வரும். அதனால்தான் துளி திரளாமல் ஓரமாக வழியும்படி செய்த விரிப்புகள் விற்கின்றன. இந்தியாவில் பாலிஹவுஸுக்கு வழக்கமாகப் போடுவது, புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் தடிமன் விரிப்பு.

தமிழகச் சமவெளியில் மூடிய நெகிழிக்கூண்டு சித்திரை வெயிலில் செடியை அவித்துவிடும். இங்கே நாற்றங்கால்களில் குழித்தட்டு நாற்றுக்கு மேலே இருப்பது பெரும்பாலும் பச்சை நிழல்வலை. அதையும் வளைகம்பியில் கட்டியிருந்தால் நெகிழிக்கூண்டு என்று எழுதிவிட வேண்டாம். வலையும் நெகிழியில் செய்ததுதான் என்றாலும், செய்யும் வேலை வேறு. அது வலைக்கூண்டு.